சாடித் தண்ணீரைக் கவனியுங்கள்

வெட்டிய பூக்களைச் சாடியில் வைப்பவர்கள் முதலில் கேட்பது, தண்ணீரில் என்ன கலக்கலாம் என்றுதான். சர்க்கரை போடலாமா, ஆஸ்பிரின் மாத்திரை போடலாமா, செப்புக் காசு போட்டால் நல்லதாமே என்று ஆளுக்கொரு குறிப்பு கைவசம் இருக்கும். பல வருடங்களாக வீட்டில் பூச்சாடி வைத்துவரும் எனக்கு, கலப்பதெல்லாம் அப்புறம்தான். சாடி சுத்தமாக இருக்கிறதா, தண்ணீர் தண்டுக்குள் ஏறுகிறதா என்பதைத்தான் முதலில் பார்ப்பேன். இந்த இரண்டும் சரியாக இருந்தால், எதுவும் கலக்காத வெறும் தண்ணீரிலும் பூக்கள் நன்றாகவே நிற்கும். இவை சரியில்லை என்றால் எந்தப் பொடியாலும் பயனில்லை.

செடியிலிருந்து வெட்டியதும் பூ இறந்துவிடுவதில்லை. அது சுவாசிக்கிறது, சேமித்து வைத்திருக்கும் சர்க்கரையைச் செலவழிக்கிறது, மொட்டாக இருந்தால் விரிகிறது. டியூலிப் இன்னும் ஒருபடி மேலே போய், சாடிக்குள் இருந்துகொண்டே தண்டை நீட்டி வளர்கிறது. வெளிச்சம் வரும் பக்கம் திரும்பவும் செய்கிறது. வெட்டும்போது பூவுக்கு நின்றுபோவது வேரிலிருந்து வந்துகொண்டிருந்த தண்ணீர் வரத்துதான். ஆனால் இலைகளும் இதழ்களும் முன்போலவே நீரைக் காற்றில் இழந்துகொண்டிருக்கும். இழக்கிற அளவுக்கு உறிஞ்ச முடிகிற வரைக்கும் பூ நிமிர்ந்து நிற்கும். உறிஞ்சுவது குறையத் தொடங்கினால் அதிலிருந்து வாட்டம் ஆரம்பம்.

தண்டுக்குள் தண்ணீர் எப்படி ஏறுகிறது என்பதை ஹென்றி டிக்சன், ஜான் ஜோலி என்ற இரண்டு விஞ்ஞானிகள் 1894 இல் விளக்கினார்கள். இலைகளில் நீர் ஆவியாகும்போது, கீழே இருக்கிற நீர் அறுபடாத ஒரு நூல் போல மேலே இழுபடுகிறது என்பது அவர்கள் சொன்ன கருத்து. அதாவது தண்டின் மெல்லிய குழாய்களுக்குள் இருக்கும் நீர் எப்போதும் இழுவிசையில் இருக்கிறது. இது புரிந்தால் பூச்சாடி விஷயத்தில் பாதி புரிந்த மாதிரி. தண்டை வெட்டியதும் இழுபட்டுக்கொண்டிருந்த நீர் சட்டென்று உள்ளே பின்வாங்கும், அது விட்ட இடத்தில் காற்று புகுந்துகொள்ளும். பூ தண்ணீர் இல்லாமல் கிடக்கிற ஒவ்வொரு நிமிடமும் அந்தக் காற்று இன்னும் மேலே போகும். அப்படியே கொண்டுவந்து சாடியில் வைத்தால் தண்டு தண்ணீரில்தான் நிற்கும், ஆனால் நடுவில் இருக்கும் காற்றுக்குமிழைத் தாண்டி நீர் ஏறாது.

அதனால்தான் வீட்டுக்கு வந்ததும் தண்டின் அடியில் 2 அல்லது 3 செ.மீ. வெட்டி நீக்க வேண்டும் என்கிறார்கள். காற்று அடைத்த பகுதி அதோடு போய்விடும். வெட்டிய கையோடு, வெட்டுவாய் உலர்வதற்குள் தண்ணீரில் வைத்துவிட வேண்டும். ரோஜாவுக்கு நான் ஒரு அகலப் பாத்திரத்தில் நீர் நிரப்பி, தண்டின் அடியை அதில் அமிழ்த்தி, நீருக்குள்ளேயே வெட்டுவேன். வெட்டுவாயில் ஒரு சொட்டு நீர் ஒட்டிக்கொண்டே சாடிக்குப் போகும், காற்றுக்கு இடமிருக்காது. எல்லாப் பூவுக்கும் இவ்வளவு சிரத்தை தேவையில்லை. ஆனால் ரோஜா காற்றடைப்புக்குச் சீக்கிரம் துவளும் பூ.

சாய்வாக வெட்டுவதைப் பற்றி நிறையப் பெருமையாகப் பேசுவார்கள். சாய்த்து வெட்டினால் தண்டு சாடியின் அடித்தரையில் தட்டையாக உட்கார்ந்து வாயை அடைத்துக்கொள்ளாது. என் கணக்கில் அதன் உண்மையான பலன் அவ்வளவுதான். கோணத்தைவிடக் கத்தியின் கூர்மைதான் முக்கியம். மழுங்கிய கத்தரிக்கோல் தண்டை வெட்டுவதற்குப் பதிலாக நசுக்கும். நசுங்கிய குழாய் நீர் ஏற்றாது, அதில் அழுகலும் சீக்கிரம் பிடிக்கும். கட்டையான தண்டுகளின் அடியைச் சுத்தியலால் தட்டி நார்நாராக்கச் சொல்லும் பழைய ஆலோசனையை நான் ஏற்காததும் இதனால்தான். தட்டுவதால் குழாய்கள்தான் சிதைகின்றன. நல்ல கூர்மையான வெட்டு ஒன்று போதும்.

காற்றுக்கு அடுத்த எதிரி பாக்டீரியா. பூவைக் கெடுப்பதில் இதற்கு இருக்கும் பங்கை வீடுகளில் மிகவும் குறைத்து மதிப்பிடுகிறோம் என்று நினைக்கிறேன். வெட்டுப்பட்ட தண்டிலிருந்து சாறு கசிகிறது. நீருக்குள் மூழ்கிய இலைகள் அழுகிக் கரைகின்றன. இரண்டும் பாக்டீரியாவுக்கு நல்ல உணவு. அவை பெருகி வழவழப்பான ஒரு படலத்தை உண்டாக்குகின்றன. அது தண்டின் வாயை மூடிவிடுகிறது. செத்த பாக்டீரியாவும் அதே குழாய்களில் போய் அடைத்துக்கொள்ளும். தண்ணீர் கலங்கிய பிறகு மாற்றுவது போதாது. கண்ணுக்குக் கலங்கல் தெரியும்போது தண்டுக்குள் அடைப்பு ஏற்கெனவே விழுந்திருக்கும்.

சாடியைத் தேய்த்துக் கழுவுங்கள் என்று நான் விடாமல் சொல்வதற்குக் காரணம் இதுதான். போன முறை பூ வைத்துவிட்டு, வெறும் நீரில் அலசிக் கவிழ்த்த சாடியின் உள்சுவரில் பழைய படலம் அப்படியே ஒட்டியிருக்கும். விரலை விட்டுத் தடவினாலே வழுக்கும். சோப்புப் போட்டு, பாட்டில் பிரஷ்ஷால் அடிமூலை வரை தேய்த்து, கொஞ்சம் பிளீச் கலந்த நீரை ஊற்றிச் சிறிது நேரம் வைத்திருந்து, நன்றாக அலச வேண்டும். கழுத்து குறுகிய சாடிகள் பார்க்க அழகாக இருந்தாலும், பிரஷ் நுழையாத சாடியில் நான் பூ வைப்பதில்லை. கத்தரியையும் மறக்காமல் கழுவுங்கள். அழுகிய தண்டை வெட்டிய அலகால் புதிய தண்டை வெட்டினால் நோயைக் கையோடு கொண்டுவந்து கொடுத்த மாதிரி ஆகிவிடும்.

நீர்மட்டத்துக்குக் கீழே வரும் இலைகள் ஒன்றுகூட இருக்கக் கூடாது. மேலே இருப்பவற்றையும் கொஞ்சம் குறைக்கலாம், நீர் ஆவியாவது குறையும். ஆனால் ரோஜாத் தண்டை முள்ளும் இலையுமாக அழுத்தி உருவி எடுக்காதீர்கள். தோல் கிழிந்த இடமெல்லாம் பாக்டீரியா நுழையும் வாசலாகிவிடும்.

தண்ணீரைத் தினமும் மாற்ற முடிந்தால் நல்லது. ஒருநாள் விட்டு ஒருநாளாவது மாற்றுங்கள். மாற்றும்போதெல்லாம் அடியில் 1 செ.மீ. போல வெட்டிவிடுங்கள். குறைந்த நீரை மேலே ஊற்றி நிரப்புவது நீர் மாற்றியதாகாது. பழைய நீரைக் கொட்டி, சாடியைக் கழுவி, தண்டுகளின் வழவழப்பை விரலால் தேய்த்து நீக்கிவிட்டுப் புதுநீர் ஊற்ற வேண்டும். இவ்வளவுக்கும் ஐந்து நிமிடம் ஆகுமா? பூவுக்கு இதைவிடப் பெரிய உதவி வேறு எதுவும் நமக்குச் செய்யத் தெரியாது.

சரி, இப்போது கலப்பதற்கு வருவோம். பூங்கொத்தோடு தரும் சிறிய பொடிப் பொட்டலத்தில் மூன்று வேலைக்கான பொருள்கள் இருக்கின்றன: பூவின் உணவாகச் சர்க்கரை, நீரின் புளிப்பைக் கூட்ட ஒரு அமிலம், நுண்ணுயிர்களை அடக்க ஒரு கிருமிநாசினி. நீரின் அமிலத்தன்மை பி.எச். 3.5 முதல் 5 வரை இருந்தால் தண்டுக்குள் நீர் சுலபமாக ஏறும், பாக்டீரியாவும் மெதுவாகவே பெருகும். இந்த மூன்றும் சேர்ந்துதான் வேலை செய்யும். வெறும் சர்க்கரை மட்டும் போட்டால் பூவைவிடப் பாக்டீரியா முந்திக்கொண்டு சாப்பிடும். பொட்டலத்தில் சொன்ன அளவைவிட நீரை அதிகமாக ஊற்றிப் பொடியை நீர்க்க விட்டாலும் இதே கதைதான்: சர்க்கரை இருக்கும், அதைக் காவல் காக்கும் கிருமிநாசினிக்குப் பலம் இருக்காது. அதனால் போடுவதானால் சொன்ன அளவில் போடுங்கள், இல்லையென்றால் போடவே வேண்டாம்.

வீட்டிலேயே கலக்க நினைத்தால், 1 லிட்டர் நீருக்கு ஒரு மேசைக்கரண்டி சர்க்கரை, இரண்டு மேசைக்கரண்டி எலுமிச்சைச் சாறு, கால் தேக்கரண்டி வாசனை சேர்க்காத சாதாரண பிளீச். முழு அளவு நீரையும் முதலில் எடுத்துக்கொண்டு, பிளீச்சை அதில் கரைத்த பிறகே எலுமிச்சைச் சாற்றை ஊற்றுங்கள். நீர் கலக்காத பிளீச்சும் அமிலமும் நேராகச் சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும். அது மூச்சுக்குழாயைப் புண்ணாக்கும் நச்சு, விளையாட்டு வேண்டாம். செப்புக் காசைப் பொறுத்தவரை, செம்புக்குக் கிருமியைக் கொல்லும் குணம் உண்மையிலேயே உண்டு. ஆனால் காசிலிருந்து நீரில் கரையும் அளவு மிகவும் சொற்பம். ஆஸ்பிரின் நீரைக் கொஞ்சம் புளிப்பாக்கும். உணவும் தராது, கிருமியையும் அடக்காது.

நீரின் சூட்டிலும் விஷயம் இருக்கிறது. பெரும்பாலான பூக்களுக்கு முதல் தண்ணீர் 40 டிகிரி செல்சியஸ் போல வெதுவெதுப்பாக இருக்கலாம். வெந்நீரின் பாகுத்தன்மை குறைவு, அதனால் குழாய்களில் சுலபமாக ஓடும். டியூலிப், டாஃபடில் போலக் கிழங்கிலிருந்து முளைக்கும் பூக்களுக்குக் குளிர்ந்த நீர்தான் பிடிக்கும். வீட்டில் கடினநீரை மென்மையாக்கும் கருவி இருந்தால், அதில் உப்பைக் கொண்டு மென்மையாக்கிய நீரைப் பூவுக்கு ஊற்றாதீர்கள். அதில் சேரும் சோடியம் ரோஜாவையும் கார்னேஷனையும் கெடுக்கும்.

சாடியை எங்கே வைக்கிறோம் என்பதில் நிறையப் பேர் பூவின் பாதி ஆயுளை விட்டுவிடுகிறார்கள். வெப்பம் 10 டிகிரி கூடினால் பூவின் சுவாசம் ஏறத்தாழ இரண்டு மூன்று மடங்காகும். கையிருப்புச் சர்க்கரை அந்த வேகத்தில் காலியாகும். வெயில் விழும் ஜன்னலோரம், சூடாகும் கருவிகளின் மேல், மின்விசிறிக்கு நேர் கீழே இவையெல்லாம் பூவுக்கு ஆகாத இடங்கள். விசிறிக் காற்று பூவைக் குளிர்விக்கும் என்று நாம் நினைக்கிறோம். உண்மையில் தண்டு ஏற்றுவதைவிட வேகமாக நீரைப் பறித்துக்கொண்டு போகும். வெளிச்சமும் காற்றோட்டமும் மிதமாக உள்ள, வீட்டிலேயே குளுமையான மூலைதான் நல்ல இடம். இரவில் தரையில் இறக்கி வைத்தால்கூட வித்தியாசம் தெரியும், குளிர்ந்த காற்று கீழேதான் தங்கும். ஆந்தூரியம், ஹெலிகோனியா, வெப்பமண்டல ஆர்க்கிடுகள் ஆகியவற்றை மட்டும் குளிர்சாதனப் பெட்டிக்குள் வைத்துவிடாதீர்கள். கடுங்குளிரில் அவை கறுத்துப்போகும்.

குளிர்சாதனப் பெட்டி என்றதும் பழத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். பூக்களின் வரலாற்றில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது. 1901 இல் ரஷ்யாவைச் சேர்ந்த திமித்ரி நெல்யுபோவ், ஆய்வகத்தில் பட்டாணி நாற்றுகள் நேராக வளராமல் படுத்து வளர்வதற்குக் காரணம் விளக்கெரிக்கும் வாயுவில் இருந்த எத்திலீன் என்று கண்டுபிடித்தார். 1908 இல் சிகாகோவில் வில்லியம் குரோக்கரும் லீ நைட்டும், கண்ணாடிக் குடில்களில் கார்னேஷன் பூக்கள் விரிந்த பிறகும் மூடிக்கொண்டு வாடுவதற்குக் காரணம் இதே வாயு என்று காட்டினார்கள். காற்றில் நம்ப முடியாத அளவுக்குச் சொற்பமாக இருந்தாலே போதும், கார்னேஷன் தூங்கிவிடும். 1934 இல் ரிச்சர்ட் கேன், பழுக்கிற ஆப்பிள் தானாகவே எத்திலீனை வெளிவிடுகிறது என்று நிறுவினார். பழத்தட்டுக்குப் பக்கத்தில் பூச்சாடி வைக்கக் கூடாது என்று சொல்வதன் பின்னால் இந்தக் கதை இருக்கிறது.

ஆனால் எல்லாப் பூவும் எத்திலீனுக்குப் பயப்படுவதில்லை. கார்னேஷன், டெல்ஃபினியம், ஸ்வீட் பீ, பல ஆர்க்கிடுகள் ஆகியவை மிகவும் உணர்வுள்ளவை. சாமந்தி, ஜெர்பெரா, ஆந்தூரியம் எல்லாம் அதைப் பெரிதாகப் பொருட்படுத்துவதில்லை. கார்னேஷன் வாடும்போது தானும் எத்திலீனை விடும், அதனால் கொத்தில் ஒன்று வாடியதும் உடனே எடுத்துவிட வேண்டும். ஆர்க்கிடில் இன்னொரு விசித்திரம் உண்டு. மகரந்தச் சேர்க்கை நடந்தால் பூ தன் வேலை முடிந்தது என்று எடுத்துக்கொண்டு எத்திலீன் விட்டு வாடத் தொடங்கும். பூவின் நடுவில் மகரந்தத்தை மூடியிருக்கும் சின்னத் தொப்பி கைபட்டு விழுந்தால்கூட அது சீக்கிரம் மூப்படையும். ஆர்க்கிடைத் தொடாமல் ரசிப்பது நல்லது. நெதர்லாந்தில் 1978 இல் வெளிவந்த ஆய்வுக்குப் பிறகு, விவசாயிகள் கார்னேஷன் தண்டுகளை வெள்ளி தையோசல்ஃபேட் கரைசலில் நிறுத்தி, எத்திலீன் பாதிக்காதபடி செய்யத் தொடங்கினார்கள். வீட்டில் செய்யக்கூடிய வேலை அல்ல அது. நம்மால் முடிந்தது பழத்தையும் வாடிய பூவையும் தள்ளி வைப்பது.

ரோஜா தலை தொங்கினால் வயதாகிவிட்டது என்று தூக்கிப்போடுகிறார்கள். மனசுக்குக் கஷ்டமாக இருக்கும். பெரும்பாலும் அது தாகத்தில் துவண்ட இளம்பூ. பூவுக்கு நேர் கீழே காம்பு மென்மையாக இருக்கும். குழாயில் காற்றோ அடைப்போ வந்தால் முதலில் தளர்வது அந்த இடம்தான். அடியைத் தாராளமாக வெட்டி, பூவும் காம்பும் நேராக நிற்கும்படி காகிதத்தில் இறுக்கமாகச் சுருட்டி, ஆழமான வெதுவெதுப்பான நீரில் ஓரிரு மணி நேரம் நிறுத்துங்கள். ரொம்பத் துவண்டிருந்தால் அகலத் தொட்டியில் முழு ரோஜாவையும் படுக்கப்போடலாம். இதழ் காய்ந்து மொறுமொறுவென்று ஆகாதவரை பெரும்பாலும் நிமிர்ந்துவிடும். நிமிர்ந்த ரோஜாவைப் பார்க்கிற சந்தோஷத்துக்காகவே இதைச் செய்யலாம். ஹைட்ராஞ்சியாவின் கொத்தைத் தலைகீழாக நீரில் முக்கி வைத்தாலும் பிழைத்துக்கொள்ளும். இதழ் மாதிரித் தெரியும் அதன் பாகங்கள் நீரை நேரடியாக உறிஞ்சக்கூடியவை.

டாஃபடில் அழகான பூ, ஆனால் மற்றவர்களோடு சேராது. வெட்டியதும் அதன் தண்டிலிருந்து வழியும் கொழகொழச் சாறு ரோஜாவையும் டியூலிப்பையும் கெடுக்கும். தனிச் சாடியில் சில மணி நேரம் நிறுத்தி, சாறு வடிந்த பிறகு மற்றப் பூக்களோடு வையுங்கள். அதன் பிறகு டாஃபடில் தண்டை மறுபடி வெட்டக் கூடாது, வெட்டினால் சாறும் மறுபடி கிளம்பும். ஜெர்பெராவின் தண்டு மிருதுவானது, ரோமம் உள்ளது, ஆழமான நீரில் சீக்கிரம் அழுகும். சில சென்டிமீட்டர் நீர் போதும். பால் வடியும் தண்டுகளின் அடியை ஒரு நொடி தீயில் காட்டினால் கசிவு நிற்கும். லில்லி விரிந்ததும் மகரந்தப் பைகள் உலர்வதற்குள் கிள்ளி எடுத்துவிட்டால் கறை படியாது. வீட்டில் பூனை இருந்தால் லில்லியே வேண்டாம். இலை, இதழ், மகரந்தம், சாடித் தண்ணீர் எதுவாக இருந்தாலும் பூனையின் சிறுநீரகத்தைச் செயலிழக்கச் செய்துவிடும்.

பூ அலங்காரமாக வந்தால் இன்னொரு சிக்கல் இருக்கிறது. பச்சை நிற நுரைப்பஞ்சில் குத்திய அலங்காரங்கள் பார்க்க நேர்த்தியாக இருக்கும். 1954 இல் அமெரிக்காவில் வெர்னன் ஸ்மிதர்ஸ் உருவாக்கிய பிளாஸ்டிக் பொருள் அது. பூக்காரர்களுக்கு வேலையை மிகவும் சுலபமாக்கியது. ஆனால் அதில் நிற்கும் தண்டை எடுத்து வெட்ட முடியாது, நீரை மாற்ற முடியாது, அலசவும் முடியாது. தினமும் மேலே நீர் ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும். ஒருமுறை உலர்ந்துவிட்டால் அது மறுபடி சரியாக நீரைப் பிடிக்காது. உதிர்ந்தால் நுண்பிளாஸ்டிக் தூளாகி வடிகாலில் போகும். நான் வீட்டில் அடுக்கும்போது சாடிக்குள் கம்பிவலையைச் சுருட்டி வைக்கிறேன், அல்லது ஆணிகள் பதித்த ஜப்பானிய கென்ஸான் தட்டை அடியில் வைக்கிறேன். தண்டும் பிடித்துக்கொள்ளும், நீரும் மாற்றலாம். நுரைப்பஞ்சு அலங்காரம் பரிசாக வந்தால் இரண்டு நாள் அப்படியே ரசித்துவிட்டு, பிறகு பிரித்துச் சாடிக்கு மாற்றிவிடுவேன். அலங்காரம் கலைகிறதே என்று தயங்க வேண்டாம். ஒரே கொத்தில் இருக்கும் பூக்களுக்கு ஒரே ஆயுள் கிடையாது. டியூலிப் போன பிறகும் கார்னேஷன் நிற்கும். கார்னேஷன் போன பிறகும் சாமந்தி நிற்கும். வாடியதை எடுத்துவிட்டு, மிஞ்சியதைக் குட்டையாக வெட்டிச் சின்னச் சாடிக்கு இறக்குங்கள். தண்டு குட்டையானால் நீர் ஏற வேண்டிய தூரமும் குறையும்.

கிளாடியோலஸ் கீழிருந்து மேலாக விரியும் பூ. கீழ்ப்பூக்கள் வாட வாடக் கிள்ளிவிட்டு, அடியையும் வெட்டிக்கொண்டே வந்தால் மேல்மொட்டுகளுக்கு நீர் போய்ச் சேரும். அதன் நுனியில் இருக்கும் மிகச் சின்ன மொட்டுகள் எப்படியும் விரியப்போவதில்லை, அவற்றை முதல் நாளே கிள்ளிவிடலாம். சாமந்தியில் இலைகள்தான் பூவுக்கு முன்னால் மஞ்சளாகும், அதைப் பார்த்துப் பூவும் போய்விட்டது என்று நினைத்துவிடாதீர்கள். இலைகளை உருவிவிட்டு, அடியில் கட்டை தட்டிய பகுதியைத் தள்ளிப் பச்சையாக இருக்கிற இடத்தில் வெட்டிப் புதுநீரில் வைத்தால், அது இன்னும் பல நாள் நிற்கும்.